மூன்று நாள் கட்டிப்போட்ட கால்

தொண்ணூறுகளின் கடைசி. புனேயில் மழைக்காலம் முடிந்து, சாலைக் குழிகளில் தண்ணீர் வற்றி, குழிகள் மட்டும் மிச்சமிருந்த நேரம். சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் தரைத்தளத்தில் நானும் மனைவியும் குடியிருந்தோம்.

எனக்கு ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அதாவது, மற்றவர்கள் செய்த பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். போதாக்குறைக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் ‘இதை நாமளே பண்ணிரலாமே’ என்று கை பரபரக்கும். லேத் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே வளர்வதால் வருவது. மருந்து கிடையாது.

மனைவிக்கு வங்கியில் வேலை. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் வலுவிழந்துவிட்டது. காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியைக் காலில் மாட்டி, கைத்தடி ஊன்றி நடப்பாள். வங்கிக் கிளை வீட்டிலிருந்து நாலு கட்டடம் தள்ளி இருந்ததால் இதுவரை சிக்கல் இல்லை. இப்போது பதவி உயர்வு வந்தது. கூடவே நகரத்துக்குள் வேறொரு கிளைக்கு மாற்றலும் வந்தது. லோக்கல் ரயில் என்றால் மேம்பாலப் படிகள். பஸ் என்றால் ஓடிப்போய் ஏற வேண்டும். ஆட்டோ கிடைப்பது அன்றைய ராசிபலனைப் பொறுத்தது. இரண்டு மாதத்துக்குள் சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

“நம்ம கார ஓட்டிட்டு நானே போய்க்கறனுங்க” என்றாள்.

எங்களிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருந்தது. அவளுடைய வலது கால் திடமானது. ஆக்சிலரேட்டர், பிரேக் இரண்டும் அது பார்த்துக்கொள்ளும். கிளட்ச் மட்டும்தான் இடது கால் வேலை. அதைக் கைக்கு மாற்ற வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் கார் என்பது அப்போது எங்களைப் போன்றவர்கள் பத்திரிகையில் படம் பார்க்கும் சமாசாரம்.

“நல்ல மெக்கானிக்காப் பாத்துக் குடுத்தர்லாமுங்க” என்றாள்.

“மெக்கானிக்குக்கு என்ன தெரியும், சுத்தியலத் தூக்கிட்டு வருவான். இதுக்கு டிசைன் வேணும்.”

“போன வருசம் மிக்சிய டிசைன் பண்ணுனீங்களே, அந்த மாதிரிங்களா?”

திட்டுவதென்றாலும் ‘ங்க’ போட்டுத் திட்டுவது எங்கள் ஊர் நாகரிகம். அந்த மிக்சி அப்போது பரணில் இருந்தது.

பெரிய தாளில் படம் வரைந்தேன். பெடலின் அழுத்தம், கேபிளின் நீளம், லீவரின் கோணம் எல்லாவற்றையும் அளந்தேன். ஸ்டியரிங்கின் வலது பக்கம் ஒரு லீவர். அதை விரல்களால் இழுத்தால் கேபிள் வழியாகக் கிளட்ச் இறங்கும். இடது கை கியரைப் பார்த்துக்கொள்ளும். தெரிந்த பட்டறையில் உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே வெல்டிங் வைக்கச் சொன்னேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சொசைட்டி மைதானத்தில் நானே ஓட்டிச் சோதித்தேன். ஒரு குலுக்கல் இல்லை, ஓர் உறுமல் இல்லை. என்னை நானே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

நாலாவது ஞாயிறு காலை, பழகுநர் உரிமம் எடுத்திருந்த அவள், நான் சொல்லிக்கொடுத்தபடி ஓட்டினாள். நேர்ப்பாதையில் நன்றாகத்தான் போனாள். கேட்டருகே நிறுத்தி, மறுபடி கிளப்பி, ஸ்டியரிங்கைத் திருப்பினாள். திருப்பிய கை லீவரை விட்டது. கார் துள்ளிப் பாய்ந்து, வாட்ச்மேனின் நாற்காலியை நொறுக்கி, சுற்றுச்சுவரில் முட்டி நின்றது.

வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேடம் முதன்முதலாக வண்டி ஓட்டி வருகிறார்கள் என்று, சல்யூட் அடிக்க அந்தக் கணம்தான் எழுந்து தள்ளி நின்றிருந்தார். அவருக்கு அந்த மரியாதை மட்டும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள். தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னால ஆகாதுங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்றேன்” என்றாள்.

லீவர் நான் வைத்தது. அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொன்னதோ, “கொஞ்சம் பழகுனாச் சரியாயிரும்.” என் வாழ்க்கையில் நான் பேசிய கேவலமான வாக்கியங்களை வரிசைப்படுத்தினால், அது முதலிடத்தில் நிற்கும்.

வாட்ச்மேன் உடைந்த நாற்காலிக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். “தாபோடியில ஒரு மிஸ்திரி இருக்காரு சாப். அடிபட்டுத் திரும்பி வந்த எங்க ஜவான்களோட வண்டியெல்லாம் அவர்தான் மாத்திக் குடுப்பாரு” என்றார் ஹிந்தியில். பிறகு நாற்காலிக் காலைப் பார்த்து, “நான் அடுத்த நாற்காலி வாங்கறதுக்கு முன்னாடி போய்ட்டு வாங்க” என்றார்.

அவள் வரமாட்டேன் என்றாள். கடைசியாக ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி, அடுத்த ஞாயிறு கூட்டிக்கொண்டு போனேன்.

தகரக் கூரை போட்ட சின்ன இடம். மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். ஹிந்தியும் மராத்தியும் கலந்து, அவசரமே இல்லாமல் பேசினார். என் லீவரைத் தடவிப் பார்த்து, “வெல்டிங் ரொம்ப நல்லா இருக்கு சாஹேப்” என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

“எத்தனை நாள் ஓட்டிப் பாத்தீங்க?”

“மூணு வாரம். ஒரு கோளாறும் இல்ல.”

“அப்ப உங்க இடது கால் எங்க இருந்தது?”

“சும்மா இருந்தது.”

“உக்காருங்க. ஓட்டிக் காட்டுங்க.”

உட்கார்ந்தேன், வண்டியைக் கிளப்பினேன், லீவரை இழுத்து, அலட்டிக்கொள்ளாமல் நகர்த்தினேன். கூடவே நடந்து வந்தவர் “நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டு, கதவைத் திறந்து குனிந்து கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். என் இடது கால் கிளட்ச் பெடலின் மேல், பாதி அழுத்தியபடி, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சத்தியமாக நான் அதை அங்கே வைக்கவில்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் அதுவாகப் போயிருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் காரை ஓட்டியது அந்தக் கால்தான். பெயர் வாங்கியது லீவர். எத்தனையோ பேருடைய சோதனை அறிக்கைகளை ‘நம்பத் தகுந்ததல்ல’ என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான்!

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். “அப்ப என் மேல தப்பில்லீங்களா?” என்று கேட்டபோதுதான், அந்தத் தண்ணீர் சிரிப்பால் மட்டும் வந்ததில்லை என்று புரிந்தது.

“இல்ல. தப்பு என் மேலதான்” என்றேன். ஒரு வாரம் தாமதம்.

அதன் பிறகு மெக்கானிக் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தன் இடது கணுக்காலைச் சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. “மூணு நாள் கழிச்சு வாங்க வஹினி” என்றார். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. என் லீவரை வைத்தே வண்டியைக் கிளப்பினார். அது துள்ளியது, நின்றது, மறுபடி துள்ளியது. அப்படியே தெருமுனையைத் தாண்டிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மாலை நாங்கள் போனபோது அவர் காரை ஓட்டி வந்து நிறுத்தினார். சத்தமில்லாமல், ஒரே சீராக. துண்டை அவிழ்த்து இறங்கியவர் இரண்டு எட்டு வைத்ததும் தடுமாறி, கதவைப் பிடித்துக்கொண்டார். கால் மரத்துப் போயிருந்தது. கணுக்காலைச் சுற்றி, தோல் வழன்று சிவந்த கோடு. மூன்று நாளும் எந்த வேலைக்குப் போனாலும் அந்தக் காரிலேயே, காலைக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார். சாமான் வாங்கப் போனது, சந்தையின் நெரிசல், தாபோடிப் பாலத்து லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தது, எல்லாம் அப்படியே.

என் லீவர் கழற்றப்பட்டு ஒரு மூலையில் கிடந்தது. புது லீவர் கியர்த் தண்டிலேயே இருந்தது. ஸ்கூட்டரில் ஒரே கை கிளட்சையும் பிடித்துக் கியரையும் மாற்றுமே, அதே ஏற்பாடு. சரி, இதை நானும் யோசித்திருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சீட்டின் ஓரத்தில், இடுப்பை அணைத்தாற்போல் இரண்டு பக்கமும் தடித்த மெத்தை வைத்துத் தைத்திருந்தாரே, அது எதற்கு?

அவர் என் மனைவியிடம் திரும்பினார். “வஹினி, ரெண்டாவது நாள்தான் எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சது. இடது கால் கிளட்ச மட்டும் அழுத்தலை. திருப்பத்துல உடம்பு சாயாம தரையில ஊணிப் பிடிக்கிறதும் அதுதான். அது இல்லேன்னா உடம்பு சரியுது, சரியற உடம்பக் காப்பாத்தக் கை ஸ்டியரிங்கத் தொத்திக்குது. அன்னிக்கு உங்க கை லீவர விட்டது அதனாலதானே?”

அவள் சீட்டோர மெத்தையை அழுத்திப் பார்த்தாள். பிறகு மராத்தியில், “ஆமா. நாற்காலி, பஸ், ஆட்டோ, எங்க உக்காந்தாலும் எனக்கு அப்படித்தான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. கேபிளின் நீளத்தை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்தவன், சீட்டில் உட்காரப் போகிறவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாங்கள் போகிற ஆட்டோ திரும்பும்போதெல்லாம் அவள் என் கையை இறுக்கிப் பிடிப்பதை நான் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைத் தெருவிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகிவிட்டு, அன்று வீட்டுக்கு அவள்தான் ஓட்டி வந்தாள். சந்தையோரத் திருப்பத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அவள் உடம்பு மெத்தையில் சாய்ந்து நின்றது. வலது கை வட்டமாகத் திரும்பியது. இடது கை கிளட்சைப் பிடித்து, கியரைத் தள்ளி, மெதுவாக விட்டது. எதிரே வந்த ஸ்கூட்டர் கூட்டம் ஒன்றுமே நடக்காததுபோல் எங்களைக் கடந்து போனது. ஒன்றுமே நடக்காமல் ஒரு கார் திரும்புவது எத்தனை பெரிய காரியம் என்று அன்றுதான் வாய் பிளந்து பார்த்தேன். “என்னங்க, வாய மூடுங்க, புழுதி போயிரும்” என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தாள். ஆர்.டி.ஓ. சோதனையில் முதல் முறையே தேறினாள். பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சாலையில் தினமும் போய் வந்தாள்.

இப்படிக் காலுக்குப் பதில் கையால் ஓட்டும்படி காரை நாமே மாற்றுவதா, ஆளிடம் விடுவதா என்று இளைஞர்கள் சிலர் இப்போதும் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். கருவிகளைப் பற்றியும் கைத்திறனைப் பற்றியும் பேச வாயெடுப்பேன். உடனே அந்தக் கணுக்காலில் இருந்த சிவந்த கோடு கண்ணில் வந்து நிற்கும், அதன் முன்னால் எனக்குத் தெரிந்த பொறியியல் எல்லாம் கைகட்டி நிற்கும்.