ஏழாம் எண் குழாய்

ஊசியக்கா குத்தினால் கைக்குழந்தைகூட அழாது என்பார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறாள். குத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடாதே, அப்படியே டப்பாவில் போடு என்று புதிதாக வருபவர்களுக்கு வகுப்பெடுப்பவளும் அவள்தான். மூன்று மாதம் முன்பு, கூட்டம் நெருக்கித் தள்ளிய ஒரு காலையில், கல்லீரல் நோயாளி ஒருவருக்குக் குத்திய ஊசிக்கு அவளே மூடி போட்டாள். விரலில் சுருக்கென்றது. சோப்புப் போட்டுக் கழுவினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாடியில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கல்லீரல் செல்களுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்றொரு குட்டி மூலக்கூறு உண்டு. செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். ரத்தம் வழியே தொற்றும் ஒரு கல்லீரல் வைரஸ் அதையே குடையாகப் பிடித்துக்கொண்டு பெருகுவதும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தம் வேண்டுமென்றதும், வழக்கம்போல் ஊழியர்கள் பத்துப் பேர் கை நீட்டினார்கள். குழாயில் பெயர் கிடையாது, எண் மட்டும். ஒட்டியவள் ஊசியக்கா. ஏழு அவளுடையது.

ஆய்வாளரின் கணினித் திரையில் ஒன்பது கோடுகள் தரையோடு கிடந்தன. ஒன்று எகிறி நின்றது.

"யாரு அக்கா இந்த ஏழு? கல்லீரல் கதறுது!" ஆய்வாளர் சிரித்தார்.

"குழாய் கெட்டிருக்கும்." அவள் திரையைப் பார்க்காமலே சொன்னாள்.

"ரெண்டு தடவ ஓட்டிட்டேன், அதேதான். சரி, ஏழத் தூக்கிடறேன். வேற யாரையாச்சும் புடிச்சிட்டு வாங்க."

தூக்கிவிட்டால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அவருடைய விரல் பட்டனை நோக்கிப் போனது.

"தூக்காதீங்க. அது நான்."

"வெளையாடாதீங்கக்கா."

"ஊசி குத்திடுச்சு. மூடி போட்டேன். மூணு மாசமாச்சு."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "இத வச்சு வைரஸ்னு சொல்ல முடியாதுக்கா. கல்லீரலுக்கு ஏதோ ஆகுதுன்னு மட்டும்தான் தெரியும். இப்பவே டெஸ்ட் எடுத்துருவோம். மருந்தெல்லாம் இருக்கு."

பாதிதான் காதில் விழுந்தது. வராந்தாவுக்கு ஓடிக் கணவனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஷேவ் பண்ணிட்டீங்களா?"

"என்ன திடீர் அக்கறை? பண்ணியாச்சு. கன்னத்துல கொஞ்சம் கீறிக்கிட்டேன்."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நேத்து அதே ரேசர்ல நானும் மழிச்சேங்க. உடனே கெளம்பி ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"ஏம்மா? ஏன் அழுவுற?"

"என் ரத்தம் அதுல பட்டிருக்குங்க."