நடுவில் நின்ற டேவிட்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் உதிரி பாகங்கள் விற்ற டேவிட் போய்விட்டார். செய்தியை ஒப்பந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார்கள். அவருடைய காலை வணக்கங்களுக்குப் பயந்து அந்தப் பக்கமே நான் எட்டிப் பார்ப்பதில்லை. திருமழிசைக் கம்பெனி மேலாளர் ஒருவர் போன் செய்து, "டேவிட் இறந்துட்டாராமே, இனிமே நேரா உங்ககிட்டயேவா பேசணும்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. போனை வைத்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு அவரைப் பிடிக்காது. வாயாடி, புளுகர், வாய் நிறையச் சோற்றோடு பேசுபவர். செத்ததால் அவர் உத்தமராகிவிடவில்லை.

மனிதர்களோடு பேச வேண்டாம் என்றுதான் பாடித் தொழிற்சாலையில் பார்த்த வேலையை விட்டேன். எந்திரங்களின் கன்ட்ரோல் போர்டுகளைத் தனியாகப் பழுது பார்க்கத் தொடங்கினேன். தனியாகத் தொழில் செய்பவன் நாள் முழுக்கப் பேசித்தான் பிழைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் கம்பெனியில் மேலாளர் கேள்வி மேல் கேள்வி கேட்க, நான் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரக்குப் போட வந்த டேவிட், யாரும் கேட்காமலே நடுவில் நுழைந்தார்.

"சார் பேசமாட்டாரு சார். பேசிகினே கீறவன்லாம் வேல தெரியாதவன். என்னியே பாருங்க."

அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம். அடுத்த மூச்சிலேயே நான் ஜெர்மனியில் படித்தவன் என்றார். நான் ஆவடியில் படித்தவன்.

இன்னொரு கம்பெனியில் வாரா வாரம் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். டேவிட் சண்டைக்கே போய்விட்டார். "அவர இன்னாத்துக்கு ஒக்கார வெக்கிறீங்க? மெஷின் கீது, அவரு கீறாரு. நடுவுல நான் கீறேன். போதாதா?" வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். அதுவும் எனக்குப் பிடிக்காது.

டேவிட்டுக்காக நடந்த ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, அவரை அமைதியானவர், அளந்து பேசுபவர் என்றார்கள். கூசாமல் சொன்னார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில், "அவருக்கும் சேத்து நானே ரெண்டு வார்த்த சொல்லிட்றேன்" என்று எழுந்துவிடுகிறவர் மாலை போட்ட படத்தில் இருந்தார். அழுகை வந்தது. அந்த ஆள் மேல் எரிச்சலும் வந்தது.

நேற்று பூந்தமல்லியிலிருந்து ஒரு புதுக் கம்பெனி அழைத்தது. போர்டு பழுது பார்ப்பவரிடம் பேச வேண்டுமாம். டேவிட்டிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"சார் பேசமாட்டாரு சார். இன்னா மெஷினுன்னு என்கிட்ட சொல்லுங்க."