மூடாமல் விட்ட மெயில்

பொத்தேரியில் நான் வழக்கமாகப் போன பிரவுசிங் சென்டர்காரர் ஒல்லியாக, தடித்த கண்ணாடியோடு இருப்பார். யாராவது பாஸ்வேர்டு அடித்தால் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவ்வளவு நாகரிகம்.

ஒருநாள் மெயிலை மூடாமலே கிளம்பிவிட்டேன். ஒரு பெண்ணுக்கு எழுதி, அனுப்பத் துணியாமல் வைத்திருந்த காதல் கடிதம் அதில் இருந்தது. ஸ்டேஷன்வரை போனவன் நினைவு வந்து திரும்பி ஓடினேன்.

"பூட்டாத வூடு மாதிரி வுட்டுட்டுப் போறீங்களே சார்! கண்டவனும் படிப்பான். நாந்தான் மூடினேன்" என்று கடிந்துகொண்டார்.

"நீங்க படிக்கலையே?"

"சேச்சே! அடுத்தவங்க லெட்டரை நான் ஏன் சார் படிக்கிறேன்?"

நிம்மதியாகப் படியிறங்கினேன். பின்னாலிருந்து தயங்கித் தயங்கி அவர் குரல் வந்தது.

"தைரியமா அனுப்புங்க சார், அந்தப் பொண்ணு ஓகே சொல்லும். ஆனா அவங்க பேர்லயே ஒரு எழுத்து தப்பா கீது."

சண்டை போடத்தான் திரும்பினேன். வாயில் வந்ததோ, "எந்த எழுத்து?" என்ற கேள்விதான்.