உம்கொட்டி

"ரெண்டு பேட்டரி போதும்னு சொல்லாதீங்கண்ணா, நாலு குடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் படியேறி வருவாள். நான் அதுவரை வாயே திறந்திருக்கமாட்டேன். கருவி அறையின் அரைக்கதவுக்கு இந்தப் பக்கம் நான் பதிவேட்டைப் புரட்டிப் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள், அந்தப் பக்கம் நின்றபடி காலையில் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மூட்டுவலி, அவர் மருமகளின் சமையல், இரண்டையும் சொல்லி முடித்திருப்பாள். கையெழுத்துப் போடும்போது மட்டும் வாய் நிற்கும். பேனா எழுதவில்லை என்றால் அதுவும் நிற்காது.

தகவல் தொடர்பியல், மூன்றாம் ஆண்டு. கேமரா, ஸ்டாண்டு, விளக்கு, மைக் என்று அந்தத் துறையின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் பதினோரு வருடமாக என் பொறுப்பில்தான் இருக்கின்றன. மாணவர்களை நான் பெயரால் அறிவதில்லை, செய்த சேதத்தால் அறிவேன். லென்ஸ் மூடியைத் தொலைத்தவன். ஸ்டாண்டின் காலை வளைத்தவள். போட்டோ விளக்குக்கு வைக்கும் வெள்ளைக் குடையை மழைக்குப் பிடித்துக்கொண்டு விடுதிவரை போனவன். இவள் இதுவரை ஒன்றையும் உடைத்ததில்லை. அதனால் வகுப்பு வைத்த பெயரையே நானும் எடுத்துக்கொண்டேன்: உம்கொட்டி.

யார் எதைச் சொன்னாலும் உம் கொட்டுவாள். சோகத்துக்கு ஒரு நீள உம். ஆச்சரியத்துக்குப் படியேறுகிற மாதிரி ஒன்று. நம்பாததற்கு மூக்கால் ஒன்று. நடுநடுவே "அட பாவமே, அப்புறம்?" வேறு. கேட்கிறவன் இப்படிக் கேட்டால் சொல்கிறவனுக்கு நாக்கு நிற்குமா? நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஒருநாள் பீரோ சாவி காணவில்லை என்று இவளிடம் சொல்ல ஆரம்பித்தவன், என் தங்கை கல்யாணத்தில் பங்காளிகள் நாற்காலிக்காகப் போட்ட சண்டைவரை சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினேன். சாவி சட்டைப்பையில் இருந்தது.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு கை தட்டுவாள். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பாள். "இந்த ரூம் பக்கெட்டுக்குள்ள பேசற மாதிரி இருக்குண்ணா, ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். என் அறையில் மூன்று குழல் விளக்குகள். நடுவில் இருப்பது முனகுகிறது என்றாள். எனக்குக் கேட்கவில்லை, போம்மா என்றேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, காதை வைத்துப் பார்த்து, இறங்கி வந்து ஆமாம் என்றார்.

ஒரு காலில் பச்சை சாக்ஸும் மறு காலில் ஊதா சாக்ஸும் போட்டிருப்பாள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மைக்குக்குப் போயிருக்கும். காற்று அடித்தால் மைக் இரையும், அதற்குச் சாக்ஸை மாட்டினால் சரியாகிவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. "மைக்குக்கு ஒரு கால்தானேண்ணா. மிச்சத்த வீணாக்குவானேன்" என்பாள். துவைத்த சாக்ஸ்தானா என்று ஒருமுறை கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. முழுக்க என்றால், மத்தியானம்வரை.

முதலாண்டில் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறை இவளும் செய்தாள். எங்களிடம் இருக்கும் சின்ன ரெக்கார்டரில் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று சிமிட்டும். அப்போது அது தயாராக இருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு முறை அழுத்தி, விளக்கு அசையாமல் நின்றால்தான் பதிவாகும். இவள் சிமிட்டுகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே ஒரு தீயணைப்பு வீரரிடம் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தாள். ஒரு சொல் பதிவாகவில்லை. வேறு பிள்ளையாக இருந்தால் அழுதிருக்கும். இவள் அந்த முக்கால் மணி நேரத்தையும் என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினாள், அவர் இருமிய இடம் உட்பட.

இவளால் முடியாத வேலை ஒன்று உண்டு. யாரிடம் பேட்டி எடுத்தாலும், பேச்சு முடிந்தபின் முப்பது விநாடி அதே அறையில் ஒருவரும் வாய் திறக்காமல் இருந்து, அந்த வெறும் அறையையும் பதிவு செய்ய வேண்டும். வெட்டி ஒட்டும் இடங்களில் அந்த அமைதியை வைத்துத்தான் பூச வேண்டுமாம், சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைக்குச் சுண்ணாம்பு பூசுவது மாதிரி. விரலைத் தூக்கினால் அமைதி, இறக்கினால் முடிந்தது. முப்பது விநாடி. இவளுடைய சாதனை பதினொன்று. அதற்குமேல் தும்மல், சிரிப்பு, இல்லாவிட்டால் "ஐயோ, மறந்தே போயிட்டேன்" என்று ஏதாவது வந்துவிடும். விடுதி அறைத்தோழிதான் இவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அந்த அமைதியைப் பதிவு செய்து தருவாள்.

இந்த வருடம் கடைசித் தேர்வுக்கு வந்த வேலை இது: ஒரு மனிதர் தன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், கேள்வி கேட்பவர் குரல் எங்கேயும் வரக்கூடாது. இவள் ஒரு பஸ் டிரைவரைப் பிடித்தாள். மனிதர் பிரமாதமாகப் பேசியிருந்தார். ரேடியோ பாடம் எடுக்கும் மேடம் உட்கார்ந்து எண்ணியதில் நூற்றுப் பன்னிரண்டு உம். வெட்டியெடுக்கவும் வழியில்லை, டிரைவரின் ஒவ்வொரு வாக்கியத்தின் வால் மேலும் இவள் உம் ஏறி உட்கார்ந்திருந்தது. அடுத்தது பூட்டுச் சாவி செய்கிறவர். இந்த முறை உதட்டைக் கடித்துக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அவர் நான்கு வாக்கியம் சொல்லிவிட்டு, "ஏம்மா, கேக்குறியா, கண்ணத் திறந்துட்டே தூங்குறியா?" என்று கேட்டுவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டாராம்.

உம் கொட்டினால் பதிவு கெட்டது, கொட்டாவிட்டால் கதை நின்றது. மூன்றாவது முயற்சியில் ஒரு உம் கேட்டாலும் இந்தத் தாளை அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டியதுதான் என்று மேடம் சொல்லிவிட்டார். அன்று இவள் பேட்டரி ஒன்றும் கேட்காமல் அரைக்கதவில் சாய்ந்து நின்றாள். யாரை வைத்துச் செய்யப் போகிறாய் என்றேன்.

"எங்கம்மாவத்தான். அவங்கதான் நான் என்ன பண்ணாலும் எந்திரிச்சுப் போகமாட்டாங்க."

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. பன்னிரண்டு பெரிய இயந்திரங்கள் ஓயாமல் ஓடுமாம். வாயால் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கும்போது, துணியை ஒரு இழுப்பு இழுத்தால் 'பிடிச்சிருக்கேன், நீ மடி' என்று அர்த்தம். அதையும் இவள்தான் சொன்னாள். என் தூசித் துணியின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, இழுத்தே காட்டினாள்.

போன புதன்கிழமை ஷிப்ட் முடிந்து, நீலச் சீருடையை மாற்றாமலே அம்மா வந்தார். மகளில் பாதி உயரம், கால்வாசிப் பேச்சு. ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் சுவரில் ஒட்டியிருக்கும் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இத எப்படித் துவைப்பீங்க?" என்று என்னிடம் கேட்டார். துவைப்பதில்லை என்றேன். அவர் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று ஸ்டூடியோ ஆள் விடுப்பு. பொறுப்பாள் ஒருவர் இல்லாமல் அந்த அறையைத் திறக்கக்கூடாது என்பதால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். உள்ளே இவள் தனக்கு எதிரில் அம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தாள். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் மகளுக்கு இடப்பக்கத்தில் வைத்தார். எதிரே இருந்தால்தான் மைக்குக்கு வசதி என்று இவள் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு இப்படி உக்காந்தாதான் பேச்சு வரும்" என்றார் அம்மா. மைக்தான் இடம் மாறியது.

கேள்விகளை அட்டைகளில் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் காட்டுவாள், அம்மா பேச வேண்டும், கடைசியில் விரலைத் தூக்கினால் முப்பது விநாடி அசையக்கூடாது. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். ரெக்கார்டர் பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நின்றது.

அம்மா, "தினமும் நானூறு விரிப்பு" என்று ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் நின்றுபோனார். பக்கத்தில் மகள் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு இருக்கிறாள்.

"என்னடி, சண்ட போட்டவ மாதிரி இருக்க? செவுத்துக்கிட்டயா பேசறது?"

இவள் கைகளால் கெஞ்சினாள். அம்மா பெருமூச்சு விட்டார். மைக்கை மூடி வைக்கும் கறுப்புத் துணி மேசை மேல் கசங்கிக் கிடந்தது. கசங்கிய துணியைப் பார்த்தால் சும்மா இருக்கிற கையா அது. எடுத்து உதறி நீட்டிப் பிடித்தார். மறுமுனை தானாக மகள் பக்கம் போனது. இவள் பிடித்தாள். ஒரு நொடி துணியைப் பார்த்தாள். பிறகு மெல்ல ஒரு இழுப்பு இழுத்தாள்.

"அப்படி வா" என்றார் அம்மா. அப்புறம் அவரை நிறுத்த ஆள் இல்லை.

விரிப்பைக் கையில் எடுத்தாலே எந்த வார்டில் நேற்று இரவு யாருக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல்லிவிடுவாராம். குழந்தைகள் வார்டு விரிப்பில் கலர் பென்சிலால் போட்ட பூனை இருக்கும். வாலை மட்டும் அடுத்த விரிப்பில் தேட வேண்டும். விரிப்போடு சுருட்டி வந்த மூக்குக்கண்ணாடிகளுக்குக் கணக்கே இல்லை. பல்செட்டு ஏழு கிடைத்திருக்கிறது. ஆறு பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். "ஏழாவது ஆளு சாப்பாட்டுக்கு என்ன பண்றாரோ, போங்க." ஒவ்வொன்றுக்கும் மகள் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு. சோகத்துக்கு நீளமாக, ஆச்சரியத்துக்கு வெடுக்கென்று. ஏழாவது பல்செட்டுக்குத் துணி குலுங்கோ குலுங்கென்று குலுங்கியது. ஹெட்போனில் அம்மாவைத் தவிர ஒரு சத்தம் இல்லை. ஒன்பது நிமிடம் ஓடிவிட்டது, ஒரு உம் இல்லை. நானே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

இவள் கடைசி அட்டையைக் காட்டினாள். அங்கே சத்தம் எப்படி இருக்கும்?

"சத்தமா," என்றார் அம்மா. பல்செட்டைச் சொன்ன அதே குரல்தான். "மொதல்ல தலவலிக்கும். அப்புறம் பழகிடும்னு சொன்னாங்க. எனக்குப் பழகல, இடது காது போயிடுச்சு. மூணு வருஷமாச்சு. டாக்டருங்க அங்கயேதான் இருக்காங்க, காட்டுனேன். மிஞ்சினதக் காப்பாத்திக்கம்மான்னு பஞ்சு குடுத்தாங்க. உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ என்கிட்டப் பேசறதக் கொறச்சுக்குவ. எதுக்கு? நான் இந்தப் பக்கமா உக்காந்துக்கறேன், முடிஞ்சுது. வலது காதுக்கு நீ நல்லாத்தான் கேக்குற."

குழல் விளக்கின் முனகலைக் கேட்ட பெண்ணின் வாய் திறந்தது. நான் ஒலி அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். அசையவில்லை. வாய் அப்படியே திறந்திருந்தது, பிறகு மூடிக்கொண்டது. துணி ஒரு முறை இழுபட்டது.

இடது கையால் துணியை விடாமல், வலது கை விரலைத் தூக்கினாள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து விநாடி. பதினொன்று. பன்னிரண்டு. இருபது. இரண்டு பேரும் அசையவில்லை. முப்பது ஆயிற்று. முப்பத்தைந்து. விரல் இறங்கவில்லை. கண்ணாடியைத் தட்டலாமா என்று கையைத் தூக்கினேன். அம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் பக்கத்து முனையை ஒரு முறை இழுத்தார்.