பெர்சிஸ் டீச்சர் டயர் மாற்றிய சனிக்கிழமை

பாளையங்கோட்டை பெர்சிஸ் டீச்சரின் வீட்டுக்காரர் நேசையாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்தே போனது. வாய் ஓயாத மனுஷன். அதற்குப் பிறகு 'ம்' என்ற சத்தம் மட்டும்தான், அதுவும் எப்போதாவது.

உடற்பயிற்சி வைத்தியத்துக்கு அவரைக் கூட்டிப்போக பெர்சிஸே காரை எடுத்தாள். முன்டயர் இரண்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன. முன்னால் இருப்பதைப் பின்னுக்கும் பின்னால் இருப்பதை முன்னுக்கும் நேசையாதான் வீட்டு முற்றத்திலேயே மாற்றிப் போடுவார். நாலும் ஒரே சீராகத் தேயும் என்பார். அவள் ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை.

முந்தின நாள் நல்ல மழை. சனிக்கிழமை காலை அவரை நாற்காலியோடு வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்தாள்.

"இன்னைக்கு நானே மாத்துதேன். தப்பாச் செஞ்சா முறைக்கக் கூடாது, என்ன?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவள் பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

நட்டுகள் இறுகிக் கிடந்தன. ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதித்துத்தான் தளர்த்தினாள். பிறகு ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். ஒரு நட்டு உருண்டு வண்டிக்கு அடியில் போயிற்று. குனிந்து கையை உள்ளே விட்டாள். ஈரமண்ணில் ஜாக்கி பைய ஒரு பக்கமாய்ச் சாய்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

"பெர்சி! கை!"

வெடுக்கென்று கையை இழுத்தாள். அடுத்த நொடி வண்டி தடாலென்று இறங்கியது.

திரும்பினால், நேசையா நாற்காலியிலிருந்து குப்புற விழுந்து கிடந்தார். ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க. என் பேரைச் சொன்னீங்கல்லா?"

உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. அன்று முழுக்க அவள் கெஞ்சிப் பார்த்தாள். ராத்திரி ஜெபத்தின்போதும் கேட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு செந்தில்முருகன்தான் ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்து டயர்களை மாற்றிக் கொடுத்தான். ஆனால் நாலுவழிச் சாலையில் வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கியது. தச்சநல்லூரில் ஒரு கடைக்குப் போனாள். ஒவ்வொரு சக்கரத்தையும் மிஷினில் சுழலவிட்டு, விளிம்பில் சின்னச் சின்ன ஈயக்கட்டிகளை அடித்து பேலன்ஸ் பண்ணிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது வண்டி அலுங்காமல் ஓடியது. நேசையா தன் இடது கையைக் குறுக்கே நீட்டி, கியர்மேல் இருந்த அவள் கைமேல் வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

ஐப்பசியில் மறுபடியும் வாதம் அடித்தது. இந்தத் தடவை அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் மகள் ரீபா கேட்டாள். "அப்பா கடைசிவர ஒண்ணுமே பேசலியாம்மா?"

"ஒரே ஒரு தடவ பேசுனாங்க."

காரை கல்லிடைக்குறிச்சிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். இப்போது பெர்சிஸ் ஆராதனைக்கு பஸ்ஸில்தான் போகிறாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பக்கத்து இடத்தில் பையை வைத்துவிடுகிறாள். யாராவது வந்து நின்றால் மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.