கருவாட்டுக் கூடைக்காரி நிறுத்திய ரொட்டி வண்டி

1957-ல் ஃப்ளூ காய்ச்சல் வந்து ஊரையே படுக்கப் போட்டதே, அந்தச் சமயம் நடந்தது இது. செங்கல்பட்டு பஜாரில் எங்களுக்கு ரொட்டிக் கடை. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் அடுப்பு. காய்ச்சல்காரர்களுக்கு ரொட்டியும் பாலும் கொடுக்கச் சொல்லி டாக்டர்கள் சொன்னதால் எங்கள் அடுப்பு ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக்கும் எங்கள் ரொட்டிதான்.

என் வீட்டுக்காரர் ரொட்டி விஷயத்தில் மகா பிடிவாதக்காரர். புது மூட்டை பிரித்தால் ஒரு பிடி மாவில் வெந்நீர் ஊற்றி முகர்ந்து பார்ப்பார். முதல் ஈடு வெந்ததும் வீட்டு மனிதர் ஒருவர் பிட்டுத் தின்று சரி சொல்லாமல் ஒரு ரொட்டிகூட வாசலைத் தாண்டாது. கருவாடு விற்கிற பெண்கள் கடைப் பக்கம் வந்தாலே விரட்டுவார். மாவில் வாடை ஏறிவிடுமாம்!

அப்படிப்பட்டவரே காய்ச்சலில் விழுந்தார். வழக்கமாக மாவு போடும் மண்டிக்காரர் வீட்டிலும் எல்லோரும் படுக்கை, மண்டியைப் பூட்டிவிட்டார்கள். வேறு ஒரு மண்டியில் சொல்லி லாரியில் இரண்டு மூட்டை வரவழைத்தோம். என் வீட்டுக்காரர் படுத்தபடியே முகர்ந்து, சரி என்று தலையை ஆட்டினார். ரொட்டி மாஸ்டர் முகர்ந்தார், நானும் முகர்ந்தேன். மூட்டைக்கு ஒரு தொட்டியாகப் பிசைந்து புளிக்க வைத்தோம்.

மறுநாள் விடிந்ததும் முதல் தொட்டி மாவு ரொட்டியாக வெந்து வந்தது. ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு, பிரமாதம் என்றோம். ஆஸ்பத்திரி தள்ளுவண்டியில் அடுக்கியும் ஆயிற்று. வாசலுக்கு வந்த நான் எதிலோ கால் இடறி விழப் போனேன். பார்த்தால் கருவாட்டுக் கூடை! திருவிடந்தையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பெண் ஒருத்தி, புருஷனுக்குக் காய்ச்சல் என்று ரொட்டி வாங்க நின்றிருந்தாள்.

"பஸ்ஸு எறங்கனதுலேர்ந்து இங்கதான் நின்னுகினு கீறேன், யக்கா. இன்னிக்கு யாரும் வெரட்டலியேன்னு எனக்கே ஆச்சரியமா கீது" என்றாள்.

கூடை நிறைய வாளைக் கருவாடு. அதன் வாடையே எட்டாத மூக்குகளை வைத்துக்கொண்டா மாவைப் பார்த்தோம்? வீட்டில் அத்தனை பேருக்கும் ஜலதோஷம். ரொட்டி பிரமாதம் என்று சொன்னோமே தவிர, எங்கள் நாக்கில் அன்றைக்கு எதுவுமே உறைத்திருக்காது. வண்டியிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்து, முகர்ந்து சொல் என்றேன்.

பிட்டதுதான் தாமதம், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னாக்கா இது, கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குது! இத்த ஜொரக்காரன் எப்டி துன்னுவான்?"

லாரியில் ஒரு மாவு மூட்டையையும் மண்ணெண்ணெய் டின்களையும் ஒட்டி வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. மாஸ்டருக்கு வண்டியை நிறுத்த மனசில்லை. அடுப்பெதிரில் வெந்துபோனவர், பாவம்.

"போவட்டும் அண்ணி. ஜொரத்துல கீறவனுக்கு ருசி இன்னா தெரியப் போவுது? நமக்கே தெர்லயே" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "நாக்குக்குத் தெரியாது மாஸ்டர், வயித்துக்குத் தெரியும். எறக்குங்க வண்டிய!" என்று கத்தினேன். அந்த வீட்டில் அதற்கு முன் நான் அப்படிக் கத்தியதே இல்லை.

இன்னொரு தொட்டி மாவும் கெட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் அன்று பட்டினிதான். அந்தப் பெண் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து தொட்டியின்மேல் குனிந்தாள். நிதானமாக முகர்ந்துவிட்டுச் சிரித்தாள். "இது சுத்தமா கீதுக்கா, போடு."

போட்டோம் பாருங்கள்! காய்ச்சலோடு மாஸ்டர் அடுப்பில் தள்ள, நான் எடுத்து அடுக்க, ஆஸ்பத்திரியில் பாலை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே வண்டி உள்ளே நுழைந்துவிட்டது. அவள் புருஷனுக்கும் சுடச்சுட ஒரு ரொட்டி போனது. கடைக்கு மிஞ்சவில்லை. வாசலில் வந்து சத்தம் போட்டவர்களிடம், கெட்ட ரொட்டியைப் புதைத்த குழியைக் காட்டினேன். நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போனார்கள்.

அதன்பின் காய்ச்சல் ஓயும்வரை எங்கள் கடையில் புது வழக்கம். கருவாட்டை முகர்ந்து வாடை தெரிகிறது என்பவர்தான் மாவைத் தொட்டுச் சரி சொல்லலாம். தெரியாதவர் விறகு வெட்டப் போகலாம். "கூடைய இப்டி கிட்ட கொண்டாம்மா" என்று என் வீட்டுக்காரரே அவளைக் கூப்பிட்டதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! புது மண்டிக்காரரும் மாவைத் தனி லாரியில் அனுப்ப ஒப்புக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு ரொட்டிகூடத் திரும்பி வரவில்லை.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. படுக்கையில் கிடப்பவர் வாய் திறந்து குறை சொல்லமாட்டார், அதனாலேயே அவருக்குப் போவதில் குறை இருக்கக்கூடாது என்ற வைராக்கியம் அன்றைக்கு எனக்குள் வந்தது, இன்றுவரை போகவில்லை.