திங்கட்கிழமை வேலை

என் குழந்தைக்குப் பவுடர் போடும்போதெல்லாம் எங்கள் திருவண்ணாமலை வீட்டின் பின்னறை நினைவுக்கு வரும். தொண்ணூறுகளில் படுத்த படுக்கையாகக் கிடந்த தாத்தாவை அங்கே அத்தைதான் ஆறு வருடம் பார்த்துக்கொண்டாள். புரட்டிப் படுக்கவைத்து முதுகெல்லாம் பவுடர் தூவுவாள். ஒரு புண் வந்ததில்லை.

தாத்தாவின் காரியம் முடிந்த அன்று பெரியப்பா, “இனிமே வேலூருக்கு எங்களோட வந்துடும்மா. உங்க அண்ணிக்கு முட்டிவலி ஜாஸ்தி, ஒத்தாசையா இருக்கும்” என்றார்.

அத்தை சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “வரலைண்ணா. அப்பாவுக்கு மனசாரப் பண்ணேன். அது முடிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில ஆயா வேலை கேட்டிருந்தேன், திங்கக்கிழமை வரச்சொல்லிட்டாங்க. இந்த வேலை எனக்கு நல்லா வருது.”

அத்தை கை கழுவிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தாள். விளக்கேற்றும் நேரம்வரை எழவில்லை. அவள் பகலில் தூங்கி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.